பாய்லர் கழுவிய மறுநாள்

என் நாக்கு செத்து எட்டு மாதம் ஆகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வாரம் காய்ச்சல். ஆறாம் நாள் அக்கா கொடுத்த சூப்பில் உப்பில்லை என்றேன். போட்டிருக்கிறேன், காய்ச்சலில் அப்படித்தான் இருக்கும் என்றாள். காய்ச்சல் போயிற்று. உப்பு திரும்பவில்லை. புளிப்பு, இனிப்பு, வாசனை எல்லாம் சேர்ந்தே போயிருந்தன. சர்க்கரை வாயில் மணலாக நெறுநெறுத்தது. ஒரு எலுமிச்சையை வெட்டிக் கடித்துப் பார்த்தேன். ஈரமாக இருந்தது.

என் வேலை காபி சுவை பார்ப்பது.

கடை அத்தானுடையது. அக்காவின் கணவர். ஆறு மேசை, ஒரு கவுண்டர், பின்னால் ஒரு கழுவும் தொட்டி. அத்தானுக்கு வயிற்றில் புண். காபியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லி மூன்று வருடம். அக்காவுக்குக் காபி கசக்கும். ஆக, கடையில் விற்பதை வாயில் வைத்துப் பார்க்கும் ஆள் நான் ஒருத்திதான்.

காலையில் ஒரு கோப்பை போடுவேன். ஒரு வாய் குடிப்பேன். அரவை மெஷினின் வளையத்தை ஒரு கோடு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்புவேன். பிறகு கரும்பலகையில் அன்றைய காபியில் என்னென்ன தெரிகிறது என்று எழுதுவேன். பாதாம். ஆரஞ்சுத் தோல். கருப்பட்டி. பதினோரு வருடம் இப்படி.

எதிரில் செயின் கடை வந்து ஒன்றரை வருடம். ஊரெல்லாம் அவர்களுக்குக் கடை. பொத்தானை அழுத்தினால் காபி இறங்கும். அத்தான் பத்து மாதம் யோசித்துவிட்டு எங்கள் கண்ணாடியில் தங்க நிறத்தில் எழுத வைத்தார்: எந்திரம் அல்ல, நாக்கு. எழுதுகிறவர் ஏணியோடு வந்தது எனக்குக் காய்ச்சல் விட்ட இரண்டாவது வாரம். சரியாகிவிடும் என்று பேசாமல் இருந்தேன். எழுத்து காய்ந்த பிறகு சொல்வதற்கு வழியில்லை.

தராசும் கடிகாரமும் வாங்கினேன். பதினைந்து கிராம் தூள், இருநூற்றைம்பது தண்ணீர், தொண்ணூற்று மூன்று டிகிரி, மூன்று நிமிடம் பத்து விநாடி. பலகையில் எழுத, காபிக்கொட்டை வறுப்பவர் சுவைகளைக் குறித்து மூட்டையோடு அனுப்பும் துண்டுச்சீட்டைப் பார்த்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு பேர் மட்டும், இப்போதெல்லாம் காபி முன்பைவிட ஒழுங்காக இருக்கிறது என்றார்கள்.

அரவைக்குத் தராசு போதாது. அதற்குப் பல் டாக்டர் இருந்தார். எங்கள் கடைக்கு மேலே அவர் க்ளினிக். ஏழரைக்கு முதல் ஆளாக வருவார். நாற்பத்தைந்து வயது, தனி ஆள், பால் சேர்க்காதவர். அவர் குடிக்கும்போது நான் கவுண்டரில் கையை ஊன்றி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். புருவம் கூடினால் கசப்பு. கன்னம் உள்ளே போனால் புளிப்பு. இரண்டும் இல்லாமல் அடுத்த வாய் குடித்தால் சரி. முதல் வாய்க்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். நான் வளையத்தைத் திருப்பப் போய்விடுவேன்.

தெருக்கோடியில் நாலு மாடிக் காப்பீட்டு அலுவலகம் ஒன்று இருக்கிறது. தினமும் இரண்டு வேளை, நாற்பது நாற்பது கோப்பை, ஃபிளாஸ்க்கில் வேண்டும் என்றார்கள். எதிர்க்கடையில் திங்கட்கிழமை குடித்துப் பார்ப்பதாகவும் எங்களிடம் செவ்வாய்க்கிழமை வருவதாகவும் ஏற்பாடு. அத்தான் என்னையும் அக்காவையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"இது வந்தா கடை நிக்கும். வரலைன்னா வருஷக் கடைசில வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன். எனக்கு இனிமே முடியாது."

"பயமுறுத்தாதீங்க" என்றாள் அக்கா.

"பயமுறுத்தல. சொல்றேன்." என் பக்கம் திரும்பினார். "நான் பேசுறதுல ஒண்ணுமில்லமா. உன் நாக்குதான்."

சரி என்றேன். எனக்கு அவர்கள் வீட்டில் பின் அறை. வேறு தொழில் தெரியாது.

திங்கட்கிழமை சாயங்காலம் அத்தான் எல்லாவற்றையும் துடைத்தார். மேசைக் கால்களின் அடியைக்கூடத் துடைத்தார். காபிக்குத் தண்ணீர் காய்ச்சும் பாய்லருக்கு உள்ளே வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்தார். அதில் கறை நீக்கும் தூள் போடச் சொன்னார். அது எலுமிச்சை அமிலம். தண்ணீரில் கரைத்து இராமுழுக்க ஊறவிட்டு, காலையில் கொட்டி, நல்ல தண்ணீர் ஊற்றி அலச வேண்டும். எத்தனை முறை என்று நான் கணக்கு வைத்ததில்லை. அலசிய தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்ப்பேன். புளிப்பு போனதும் நிறுத்துவேன். காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு தடவை பாய்லர் கழுவியிருக்கிறேன். அப்போது போதும் போதும் என்கிறவரை அலசினேன். அவசரம் இல்லை.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்திலிருந்து ஒன்பதுக்குப் பதில் எட்டுக்கே வருவதாகச் செய்தி வந்தது. இரண்டு முறை அலசினேன். குடித்துப் பார்த்தேன். சூடு தெரிந்தது. மூன்றாவது முறை ஊற்றக் குழாயைத் திறந்தபோது அத்தான், "போதும், சூடாகட்டும்" என்றார்.

பல் டாக்டர் அந்த வாரம் ஊரில் இல்லை. ஏதோ மாநாடு.

வந்தவர்கள் மூன்று பேர். நிர்வாகம் பார்க்கும் மேடம், ஒரு கனத்த மனிதர், மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர். மூலை மேசையில் எதிர்க்கடை சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தாள். வாரத்தில் இரண்டு நாள் வருவாள். சாம்பல் நிற ஏப்ரனைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைவாள். என் வயதுக்காரி.

"நேத்து எதிர்ல குடிச்சோம்" என்றார் கனத்தவர். "கருகின ரொட்டியைத் தண்ணில ஊறப்போட்ட மாதிரி."

சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

பலகையில் நான் எழுதியிருந்தது: எலுமிச்சைத் தோல், தேன். துண்டுச்சீட்டில் இருந்ததை எழுதியிருந்தேன். கிராம் பார்த்து, விநாடி பார்த்து, ஐந்து கோப்பை ஊற்றினேன். மூன்றை அவர்களுக்கு. ஒன்றை சூப்பர்வைசருக்கு. ஒன்று எனக்கு, சுவை பார்ப்பதுபோல் காட்ட.

மேடம் ஒரு வாய் குடித்தாள். கன்னம் உள்ளே போனது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் அது டாக்டரின் கன்னம் அல்ல என்று நினைத்தேன்.

"அட" என்றாள்.

"எலுமிச்ச" என்றார் கண்ணாடிக்காரர்.

"போர்டுல எழுதினது வாயில வர்றதை நான் இன்னிக்குதான் பாக்குறேன்" என்றார் கனத்தவர். "மத்த கடைலயெல்லாம் செர்ரிம்பான், சாக்லேட்டும்பான். குடிச்சா காபிதான் இருக்கும்."

"தேன்கூட லேசா இருக்கு" என்றார் கண்ணாடிக்காரர்.

"தேன் எனக்குத் தெரியல சார். எலுமிச்ச நிச்சயம்" என்றாள் மேடம்.

"எல்லாம் என் மச்சினியோட நாக்கு மேடம்" என்றார் அத்தான். "பதினோரு வருஷமா அவ குடிச்சுப் பாக்காம ஒரு கப் இந்தக் கவுண்டரைத் தாண்டினதில்ல."

மேடம் கோப்பையைக் காலி செய்தாள். இன்னொன்று கேட்டாள். அதையும் குடித்தாள்.

"எடுத்துக்கிறோம். வியாழக்கிழமையிலிருந்து அனுப்புங்க. ஒண்ணே ஒண்ணு. தினமும் இதே காபிதான் வரணும். இதே எலுமிச்ச. நாளைக்கு ஒண்ணு நாளான்னிக்கு ஒண்ணுன்னா எங்க ஆளுங்க என்னைப் பிச்சுத் தின்னுடுவாங்க."

"மாறாது மேடம்" என்றார் அத்தான்.

அவர்களை வழியனுப்பத் தெருக்கோடிவரை போனார். நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

சூப்பர்வைசர் தன் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு வந்தாள். முக்கால்வாசி அப்படியே இருந்தது.

"நேத்து பாய்லருக்குத் தூள் போட்டீங்களா?"

"ஆமா."

"எத்தனை தடவ அலசினீங்க?"

"ரெண்டு."

அவள் மேலே கேட்கவில்லை. எனக்கும் புரிந்துவிட்டது. கோப்பையைப் பார்த்தேன். காபி நிறமாகத்தான் இருந்தது.

"எங்ககிட்ட அதே தூள்தான். மாசம் ஒரு தடவ. அந்த வாசன என் கனவுலகூட வரும்." பைக்குள் கைவிட்டு ஒரு சிறிய அட்டையை எடுத்தாள். காகிதப் பட்டைகள். ஒன்றைக் கிழித்து என் பாய்லர் தண்ணீரில் நனைத்தாள். மஞ்சளாக இருந்த பட்டை சிவந்தது. "இது பச்சை ஆகிறவரைக்கும் அலசணும். அதுக்கு முன்னாடி மெஷினைத் தொட்டா வேலை போயிடும். உங்களுக்கு இதெல்லாம் எதுக்கு, குடிச்சாலே தெரியுமேன்னு..." நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். "நீங்களும் குடிச்சீங்களே. நான் பாத்தேன்."

"குடிச்சேன்."

"தெரியலையா?"

"எட்டு மாசமா எதுவும் தெரியாது."

முதல் தடவையாகச் சொன்னேன். ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்திருந்தேன். பால் குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

"வீட்ல தெரியுமா?"

"இல்ல."

அவள் கோப்பையை என் பக்கம் நகர்த்தினாள். "நான் இங்க ஏன் வர்றேன் தெரியுமா? அந்த ஆளு சொன்னது சரிதான். எங்களுது கருகின ரொட்டி. ஆனா எந்த ஊர்ல எந்தக் கடைல குடிச்சாலும் அதே கருகல். ஒரு மாசம் குடிச்சா நாக்கு தூங்கிடும். இங்க வந்தா முழிச்சுக்கும். ஒரு நாள் நல்லாருக்கும், ஒரு நாள் சுமாரா இருக்கும்." கொஞ்சம் யோசித்தாள். "கொஞ்ச நாளா சுமாரே இல்ல. நல்லாவும் இல்ல. ஒரே மாதிரி இருந்துச்சு. எங்க கடை மாதிரி. நான்தான் ஏதோ ஆயிட்டேன்னு நெனச்சேன்."

பட்டைகள் இருந்த அட்டையைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனாள். வாசலில் நின்று ஏப்ரனை மாட்டிக்கொண்டு, "எங்ககிட்ட ஆள் எடுக்கிறாங்க" என்றாள். "நாக்கு கேக்க மாட்டாங்க."

அந்தப் பாய்லரை நான் மேலும் ஐந்து முறை அலசினேன். பட்டை பச்சையானது. காலையில் எனக்கென்று ஊற்றிய கோப்பையைக் கொட்டாமல் மூடி வைத்தேன்.

ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திய பிறகு அத்தானும் அக்காவும் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் மேசைவரை வந்திருந்தது. அத்தான் ஃபிளாஸ்க் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். நாக்கு. எட்டு மாதம். பாய்லர். இரண்டு முறை. எலுமிச்சை.

அத்தான் பட்டியலை மேசையில் வைத்தார்.

"உப்புகூடத் தெரியாதா?"

"தெரியாது."

"அப்போ தினமும் எப்படி...?"

தராசைக் காட்டினேன். கடிகாரத்தைக் காட்டினேன். டாக்டர் முகத்தைப் பற்றியும் சொன்னேன்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எட்டு மாசமா என் சமையலை நல்லாருக்குன்னு சொன்னே."

"ஆமா."

"அதுக்கு முன்னாடி ஒரு நாள்கூடச் சொன்னதில்லையேடி. அப்பவே நான் சந்தேகப்பட்டிருக்கணும்."

அவள் எழுந்து மூடி வைத்திருந்த கோப்பையை எடுத்தாள். ஒரு வாய் குடித்தாள். தொட்டியில் துப்பினாள். குழாயைத் திறந்து வாய் கொப்பளித்தாள்.

"இதையா ரெண்டு கப் குடிச்சுட்டுப் போனா அந்தம்மா?"

"பிடிச்சிருந்துச்சு" என்றேன்.

அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பினார். கண்ணாடியில் தங்க எழுத்துகள் உள்ளிருந்து பார்க்கத் திருப்பிப் போட்டதுபோல் தெரிந்தன. பிறகு கேட்டார்.

"ஒரு ஃபிளாஸ்க்குக்கு அந்தத் தூள் எவ்வளவு வேணும்?"

 மனதுக்குள் கணக்குப் போட்டேன். பட்டையின் நிறத்தை வைத்துப் போட்டுவிட முடியும். ஒரு கால் டீஸ்பூனுக்கும் கீழே.

"என்னங்க?" என்றாள் அக்கா.

"உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது. டப்பாலயே எழுதியிருக்கு. எலுமிச்சைல இருக்கிறதுதான்."

"அதே டப்பால, குழந்தைகளுக்கு எட்டாத இடத்துல வைங்கன்னும் எழுதியிருக்கு."

"அவங்களே கேக்குறாங்க. இதே எலுமிச்ச வேணும்னு. நான் கேக்கச் சொன்னேனா?"

"இந்த வீட்ல நாக்கு இருக்கிற ஒரே ஆள் நான்தான்" என்றாள் அக்கா. "நான் குடிக்கிறது எதிர்க்கடைல. கேரமல் போட்ட ஐஸ் காபி. வாரம் மூணு தடவ. கிரீம் வச்சு. நானும் சொல்லாமத்தான் இருந்தேன், போதுமா? இப்ப சொல்றேன். இதை ஊத்தி விக்காதீங்க."

அத்தான் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். யார்மேல் கோபப்படுவது என்று அவருக்குத் தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாத்திரையைத் தேடினார்.

"நீ சொல்லியிருக்கலாம்மா" என்றார்.

"ஆமா அத்தான்."

"நான் என்ன பண்ணியிருக்கப்போறேன்?"

அவர் என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை நான்தான் மேடத்துக்குப் போன் செய்தேன். அத்தான் பக்கத்தில் நின்றார். நிறுத்தச் சொல்லவில்லை.

"அப்போ நாங்க குடிச்சது என்ன?"

"பாய்லர்ல கறை எடுக்கிற தூள் மேடம். சரியா அலசல. என் தப்புதான். உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அது காபியோட ருசி இல்ல."

"எல்லாருக்கும் பிடிச்சிருந்துச்சே."

"ஆமா மேடம்."

"சரியா அலசிட்டுப் போட்டா எப்படி இருக்கும்?"

"எனக்குத் தெரியாது மேடம்."

 அவளுக்குப் பின்னால் யாரோ காகிதத்தைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.

"நான் மேல போய் என்னன்னு சொல்றது? கறை எடுக்கிற தூளை ரெண்டு கப் கேட்டு வாங்கிக் குடிச்சேன்னா?" பிறகு, "சொன்னதுக்கு நன்றி" என்றாள். வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு எதிர்க்கடையிலிருந்து ஒரு தள்ளுவண்டி கிளம்பியது. எட்டு ஃபிளாஸ்க். சூப்பர்வைசர் தானே தள்ளிக்கொண்டு போனாள். எங்கள் கண்ணாடியைக் கடக்கும்போது தலையை லேசாக அசைத்தாள். நானும் அசைத்தேன்.

அன்றைக்கு மத்தியானம் அத்தான் ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு கண்ணாடிக்குப் போனார். வலது பக்கத்திலிருந்து சுரண்டினார். கடைசிச் சொல்லைச் சுரண்டி முடித்தபோது வயிறு வலித்தது. விட்டுவிட்டார். இரண்டு நாள் எங்கள் கடைக் கண்ணாடியில் 'எந்திரம் அல்ல' என்று மட்டும் இருந்தது. உள்ளே வந்த ஒருவர், "பின்ன என்ன?" என்று கேட்டார். அத்தான் அவருக்கு பன் ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்.

நான் சமையலறையில் அக்கா போடுவதைச் சாப்பிட்டேன். எதுவும் சொல்லவில்லை. அவளும் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஏழரைக்குப் பல் டாக்டர் வந்தார். மாநாட்டில் கொடுத்த துணிப்பை தோளில் தொங்கியது. கோப்பையை அவர் முன் வைத்தேன். அவர் எடுப்பதற்கு முன் சொல்லிவிட்டேன். நாலைந்து வாக்கியம். நான் அவர் முகத்தைப் பார்த்து அரவையைத் திருப்பியதையும் சொன்னேன்.

அவர் கோப்பையைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எட்டு மாசமாவா?"

"ஆமா டாக்டர்."

"என் க்ளினிக் இங்கேருந்து பதினெட்டுப் படி. நாக்கைக் காட்டுங்கன்னு சொல்றதுதான் எனக்கு நாள் முழுக்க வேலை." தாடையைத் தடவிக்கொண்டார். "அதுக்காகத்தான் நான் குடிக்கும்போது அப்படிப் பாத்துட்டே நிப்பீங்களா?"

"ஆமா."

"நான் வேற மாதிரி நெனச்சேன்."

எனக்கு உடனே புரியவில்லை.

"முன்னாடியெல்லாம் நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் ஷேவ் பண்ணுவேன்" என்றார். சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "சரி. விடுங்க."

 தராசைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது. மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவர் கோப்பையை எடுத்துவிட்டார்.

பழக்கத்தில் என் கண் அவர் முகத்துக்குப் போனது. அவர் அதைப் பார்த்துவிட்டார். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. புருவம் கூடவில்லை. கன்னம் அசையவில்லை. போட்டோவுக்கு நிற்பவரைப் போல் இருந்தார். அந்த முகத்தில் இனி எதுவும் எழுதியிருக்காது.

"வாயால சொல்லிடுங்க டாக்டர்" என்றேன்.

"நான் பல்லுக்குத்தான் டாக்டர். ருசியெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது."

"தெரிஞ்ச மாதிரி சொல்லுங்க."

இன்னொரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். அத்தான் கல்லாப்பெட்டியிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"புளிப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார்.

பட்டையை எடுத்துப் பாய்லர் தண்ணீரில் நனைத்தேன். பச்சை. அப்படியானால் அரவை. வளையத்தை அரைக்கோடு நெருக்கினேன். பதினைந்து கிராம் நிறுத்தேன். தண்ணீர் ஊற்றினேன். மூன்று நிமிடம் பத்து விநாடி அவரும் நானும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாவது கோப்பையை முதல் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

குடித்தார்.

"இப்போ?"

"இருங்க" என்றார். "ஆறட்டும்."